சிவப்பு முன்னறிவிப்புப் படிவம்

லிஸ்ட்டக்கா செய்த குற்றம் மொத்தம் பதினோரு வரி. அதை எழுத அவளுக்கு ஒரு மதிய உணவு இடைவேளை போதுமானதாக இருந்தது. அதைப் பற்றி மையம் எழுதிய அறிக்கை நூற்று நாற்பது பக்கம், இணைப்புகள் தனி.

நகரத்து மருத்துவமனைகளுக்கு நிரல் எழுதித் தரும் கணினி மையத்தில் அவளுக்கு வேலை. எந்த நோயாளி எந்த நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பட்டியல் போடுகிற நிரல்கள் அவள் பொறுப்பு. அதனால்தான் லிஸ்ட்டக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஒரே நிரலுக்குப் பல கிளைகள் இருக்கும். ஒரு கிளையில் சோதித்துப் பார்ப்பார்கள். இன்னொரு கிளை மருத்துவமனையில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும். செய்த மாற்றத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். தான் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்து போனால் வம்புதான். அவள் பக்கத்து இருக்கையில் இருந்த மீசைக்கு ஒரு நாள் அது மறந்து போனது. சோதனைக்காக அவன் எழுதியது நேரே மருத்துவமனைக்குப் போய்விட, மறுநாள் காலை பிரசவ வார்டுப் பட்டியலில் பதினோரு ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வந்தும் விட்டார்கள்.

அந்தக் கூத்தைச் சரிசெய்து முடித்த கையோடுதான் லிஸ்ட்டக்கா அந்தப் பதினோரு வரியை எழுதினாள். கட்டளை தட்டுகிற கருப்புத் திரையில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கிளையின் பெயர் தானாக வந்து நிற்கும். எல்லாம் பதிவாகி அனுப்பப்பட்டிருந்தால் பச்சை. பதிவாகி அனுப்பப்படாமல் இருந்தால் மஞ்சள். மாற்றம் செய்து இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால் சிவப்பு. அவ்வளவுதான்.

"அக்கா, இது கண்ணு மாதிரி இருக்கு," என்றான் மீசை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தளத்தில் இருந்த எல்லோரும் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. இருவருமே அதை மேலிடத்துக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் மேலிடமே ஒரு நாள் வந்தது.

வெளியூர் விருந்தினர்கள் சிலருக்கு மையத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்த தர அதிகாரி, லிஸ்ட்டக்காவின் மேசைக்குப் பின்னால் நின்றார்.

"ஏம்மா, இது ஏன் சிவப்பா இருக்கு?"

"மாத்தம் பண்ணிக்கிட்டிருக்கேன் சார். இன்னும் பதிவு பண்ணல."

"அதாவது வேலை முடியல."

"வேலை நடந்துக்கிட்டிருக்கு சார்."

"நடந்துக்கிட்டிருக்குன்னா முடியலைன்னுதானே அர்த்தம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மறுக்க வழியில்லை. "ஆமா சார்," என்றாள். அந்த 'ஆமா சார்' பின்னாளில் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற தலைப்பில் இடம்பெற்றது.

ஒரே வாரத்தில் நிறக் குழு அமைக்கப்பட்டது. ஏழு பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட நிரல் எழுதத் தெரியாது. சார்பற்ற குழு என்பதற்கு அதுவே சான்று என்று சுற்றறிக்கை சொன்னது. நடைபாதையில் சுவரளவு பலகை ஒன்று வந்தது. மையத்தில் உள்ள எல்லாக் கணினிகளின் நிறமும் அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார்.

"இத்தனை வருஷமா நம்ம அலுவலகத்துல எவ்வளவு வேலை அரைகுறையா கிடக்குதுன்னு நமக்குத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியுது. தெரியாம இருந்த காலத்துல நாம எவ்வளவு நிம்மதியா இருந்தோம்! அந்த நிம்மதியைத் திரும்பக் கொண்டுவர்றதுதான் என்னோட லட்சியம்."

எல்லோரும் கை தட்டினார்கள். லிஸ்ட்டக்காவும் தட்டினாள்.

அதிகம் பச்சையாக இருக்கும் பிரிவுக்கு மாதாமாதம் கோப்பை உண்டு என்றார்கள். முதல் கோப்பை ஆவணப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவில் இரண்டே பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள், மற்றவருடைய கணினி பழுதாகி மூன்று வாரமாக எரியவே இல்லை. எரியாத திரைக்கு நிறமேது என்று மீசை எழுத்து மூலம் கேட்டான். "நிறமில்லாதது சிவப்பு அன்று, சிவப்பல்லாதது பச்சையாகக் கருதப்படும்" என்று குழு எழுத்து மூலமே பதில் தந்தது.

அந்தப் பதிலைப் படித்த பிறகு தளத்தில் வேலை செய்கிற முறையே மாறிப்போனது. எல்லோரும் நிரலைக் காகிதத்தில் எழுதினார்கள். காகிதம் சிவக்காது. பிறகு குழுவினர் தேநீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து மடமடவென்று திரையில் ஏற்றிப் பதிவு செய்தார்கள். பதிவு செய்யும்போது என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவசரத்தில் யாருக்கு அதற்கெல்லாம் நேரம்? 'அ' என்று எழுதினார்கள். அதற்கடுத்த பதிவுக்கு 'அஅ'. இரண்டே வாரத்தில் மையத்தின் வரலாறு முழுவதும் ஒரு குழந்தை அழுவது போல இருந்தது.

குழு இந்தத் தந்திரத்தையும் கண்டுபிடித்தது. இனி எந்தத் திரை சிவந்தாலும், ஒரு வினாடியே ஆனாலும், அந்தக் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும். சிவக்க வேண்டிய அவசியம் இருப்பவர்கள் சிவப்பு முன்னறிவிப்புப் படிவத்தை நிரப்பி, பதினைந்து வேலை நாட்களுக்கு முன்பே தர வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் சிவக்க உத்தேசம் என்பதோடு, சிவப்பதற்கு வருந்துகிறேன் என்ற வாசகமும் கையொப்பமும் வேண்டும்.

இப்படியிருக்கும்போதுதான் ஜூலை பதினெட்டாம் தேதி, லிஸ்ட்டக்கா மாத இறுதிப் பட்டியல்களைச் சோதித்துப் பார்த்தாள்.

பொது மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினாறு இயந்திரங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரம் மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு நாளைக்கு மூன்று சுற்று. முந்தின நாள் மாலை கணினி பட்டியல் போட்டு எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஊசியும் குழாயும் கிடங்கிலிருந்து வெளியே வரும். நிரல் ஏப்ரலிலேயே எழுதி முடிந்திருந்தாலும், இந்தப் புதிய முறை ஜூன் மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. ஜூனுக்கு முப்பது நாள்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குப் பட்டியல் கேட்டாள். காலியாக வந்தது. இன்னொரு முறை கேட்டாள். காலி. வெள்ளிக்கிழமை வர வேண்டிய நாற்பத்தாறு பேரில் ஒருவர்கூட இல்லை. நிரலைத் திறந்து பார்த்தாள். மாதத்துக்கு முப்பது நாள் என்று யாரோ ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார்கள். முப்பதை எடுத்துவிட்டு, அந்தந்த மாதத்தின் கடைசி நாளைக் கேள் என்று எழுத வேண்டும். ஒரு வரி.

புதன்கிழமை வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு வெள்ளி இல்லையென்றால் அடுத்தது திங்கள்தான். ஐந்து நாள். ஐந்து நாளில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், நெஞ்சு அடைக்கும். இது அவளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. நாற்பத்தாறு பேரில் இருபத்தொன்பதாவது பெயர் அவளுடைய அண்ணனுடையது. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். இப்போது அவள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடிப்பவர்.

அன்றே படிவத்தை நிரப்பிக்கொண்டு தர அதிகாரியிடம் ஓடினாள்.

"பதினஞ்சு வேலை நாள்னு போட்டிருக்கோம்," என்றார் அவர்.

"முப்பத்தொண்ணாம் தேதிக்குப் பதினஞ்சு வேலை நாள் இல்லையே சார்."

"அப்ப நீங்க முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும்."

"இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சது."

"சரி, அவசர வழின்னு ஒண்ணு இருக்கு. மாத்தம் தேவைன்னு நிரூபிச்சுக் காட்டுங்க. மாத்தின நிரலையும் மாத்தாத நிரலையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிக் காட்டினா குழு பாக்கும்."

"மாத்தினா திரை சிவக்குமே சார்."

"சிவக்கக் கூடாது."

"சிவக்காம எப்படி சார் மாத்திக் காட்டறது?"

"அதுக்குத்தான் முன்னறிவிப்புப் படிவம்," என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் முகத்தில் கோபமே இல்லை. மெதுவாகப் படிக்கிற மாணவியிடம் காட்டுகிற கனிவுதான் இருந்தது.

அதன் பிறகு ஒன்பது நாள் அவள் மேசை மேசையாக அலைந்தாள். ஒருவர் படிவத்தில் வருத்தம் போதாது என்றார். அவள் 'மிகவும்' என்று சேர்த்தாள். இன்னொருவர், முப்பத்தொன்றாம் தேதி இன்னும் வரவே இல்லையே, வராத தேதியில் பிழை இருப்பதாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். மூன்றாமவர் அவள் பேசியதை முழுவதும் கேட்டு, கண் கலங்கி, தண்ணீர் கொடுத்து, இது தன் பிரிவு இல்லை என்றார்.

வீட்டில் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஒரு வாரமா சரியாவே சாப்பிடல?"

"ஒண்ணுமில்லண்ணே. ஆபீஸ்ல ஒரு வரி மாத்தணும்."

"ஒரு வரிதானே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. திரை எப்போது நிறம் பார்க்கிறது? ஒரு கட்டளை முடிந்து அடுத்த வரி பிறக்கும்போது. அதை எழுதியவளே அவள்தானே? மாற்றுவது, பதிவு செய்வது, அனுப்புவது மூன்றையும் ஒரே நீள வரியாகக் கோத்து ஒரே ஒரு முறை தட்டிவிட்டால், அடுத்த வரி பிறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். சிவப்புக்கு இடமே இல்லை.

அலுவலகத்தில் அந்த வரியைக் காகிதத்தில் எழுதி நான்கு முறை சரிபார்த்தாள். மீசை எழுந்து நின்று நடைபாதையை மறைத்துக்கொண்டான். தட்டினாள். எழுத்துகள் சரசரவென்று ஓடின. அடுத்த வரி வந்தது. பச்சை. முப்பத்தொன்றாம் தேதிக்குப் பட்டியல் கேட்டாள். நாற்பத்தாறு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். இருபத்தொன்பதாவது பெயர் மேல் அவள் விரலை வைத்துப் பார்த்தாள்.

அவள் செய்த பிழை ஒன்றே ஒன்று. பதிவுக் குறிப்பில் 'அ' என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. "மாதத்தின் 31ஆம் நாளுக்கு டயாலிசிஸ் பட்டியல் காலியாக வந்த பிழை திருத்தப்பட்டது" என்று முழு வாக்கியமாக எழுதியிருந்தாள். அழுகிற குழந்தைகளுக்கு நடுவே அந்த ஒரு வாக்கியம் தனியாகத் தெரிந்தது.

முப்பதாம் தேதி பிற்பகல் இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"மாத்தம் நடந்திருக்கு. ஆனா சிவப்பு வரல," என்றார் தர அதிகாரி. "இது சிவப்பை விடப் பெரிய குத்தம். மறைக்கப்பட்ட சிவப்பு."

"பிழையைத் திருத்தியிருக்கேன் சார். நீங்களே ஓட்டிப் பாருங்க."

"பிழை இருந்துச்சுன்னு எழுதியே வச்சிருக்கீங்க," என்றார் இயக்குநர் வேதனையோடு. "அந்த நிரல் தொண்ணூத்தொன்பது நாளா பச்சையா இருந்திருக்கு. பச்சையா இருந்ததுல பிழை எப்படிம்மா இருக்க முடியும்? இதை நாம ஒத்துக்கிட்டா மத்த பச்சையெல்லாம் என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

"நாளைக்கு நாப்பத்தாறு பேருக்கு டயாலிசிஸ் சார். பட்டியல் வராட்டி அவங்களுக்கு மெசேஜே போகாது."

"மாத்தத்தைத் திரும்ப எடுத்துட்டு, முறையா படிவம் கொடுங்க. அடுத்த முப்பத்தொண்ணுக்குள்ள நிச்சயம் முடிச்சிடலாம். அது எப்ப வருது, ரெண்டு மாசம் இருக்கும்ல?"

"அடுத்த மாசமே வருது சார். ஆகஸ்டுக்கும் முப்பத்தொண்ணு."

இயக்குநர் நம்பவில்லை. இடது கையை முஷ்டியாக மடக்கி, எலும்பு மேட்டையும் பள்ளத்தையும் மாற்றி மாற்றித் தொட்டு மாதங்களை எண்ணினார். ஜூலை கடைசி மேட்டில் முடிந்தது. ஆகஸ்டுக்கு மறுபடியும் முதல் மேட்டுக்கு வருவதா, திரும்புவதா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஏழு பேரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார்," என்றாள் லிஸ்ட்டக்கா. "என் அண்ணன் பேரும் அதுல இருக்கு சார்."

முஷ்டிகள் எல்லாம் விரிந்தன.

"அப்படியா?" என்றார் தர அதிகாரி. "அப்ப இதுல சொந்த நலன் இருக்கு. அதையும் எழுதிக்கங்க."

நான்கு மணிக்கு அவள் கண்ணெதிரே மாற்றம் திரும்ப எடுக்கப்பட்டது. அதைச் செய்யக் குழுவில் யாருக்கும் தெரியாததால் அவளையே செய்யச் சொன்னார்கள். அதையும் அவள் ஒரே நீள வரியாகக் கோத்துத் தட்டினாள். விசாரணை முடியும் வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். பலகையில் அவளுடைய கட்டம் பச்சையாகவே இருந்தது.

வெளியே வந்தபோது மீசை வாசலில் காத்திருந்தான். கையில் மடித்த காகிதம். "நேத்தே எழுதி வச்சேன் அக்கா. நாப்பத்தாறு பேரும், போன் நம்பரோட. இந்தக் குழு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியுமே."

வீட்டுக்குப் போகும் வழியில் மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் பிரிவு சிஸ்டரைப் பார்த்தாள். அவள் சொன்னதையெல்லாம் சிஸ்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"பட்டியல்ல பேர் இல்லாம ஸ்டோர்ல ஊசிகூடத் தர மாட்டான்."

"வேற வழியே இல்லியா சிஸ்டர்?"

"அவசர கேஸுன்னு எழுதினா தருவான்."

"நாப்பத்தாறு பேரையுமா?"

"நாப்பத்தாறும் அவசரம்தான். நாளைக்கு விட்டா ஞாயித்துக்கிழமை நிஜமாவே ஸ்ட்ரெச்சர்ல வருவாங்க. கூட்டிட்டு வாங்க, கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் முன்னறையில் உட்கார்ந்து காகிதத்தைப் பாதியாகக் கிழித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு போன் செய்தார்கள். "வழக்கமான நேரத்துக்கு வந்துடுங்க, மெசேஜ் வராட்டியும் வந்துடுங்க," என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நம்பாதவர்களிடம், "நானும் உங்க பக்கத்து பெட்டுதான்யா," என்றார். எட்டரை மணிக்குள் நாற்பத்தைந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் வருகிற ஒரு தையல்காரர். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலையும் அதே.

வெள்ளிக்கிழமை மதியம் வரை அவர் வருகிறாரா என்று மருத்துவமனையில் பார்த்தாள். முதல் சுற்று ஒழுங்காக முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இயந்திரத்தில் படுத்தபடி, "நீ போய்ப் பாரு பாப்பா. எனக்கு இங்க என்ன வேலை, படுத்திருக்கறதுதானே," என்றார். சிஸ்டர் பழைய பதிவேட்டிலிருந்து முகவரி எழுதித் தந்தாள்.

ஆட்டோவில் போகும்போது மீசை கூப்பிட்டான். அவன் குரலுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

"டயாலிசிஸ் நிரல் நூறு நாள் பச்சையாம் அக்கா. கேக் வெட்டிக்கிட்டிருக்காங்க. டைரக்டர் பேசறாரு."

"என்ன சொல்றாரு?"

"இன்னிக்கு டயாலிசிஸ் பட்டியல்ல ஒரு புகார்கூட வரலையாம். பிழைன்னு சொன்னது வெறும் வதந்தின்னு நிரூபணம் ஆயிடுச்சாம்."

அவள் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் கிடந்தன. முகமும் உப்பியிருந்தது.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போன் தண்ணி வாளியில விழுந்துடுச்சும்மா. மெசேஜ் வந்துச்சா வரலையான்னு தெரியல. மெசேஜ் இல்லாம வரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்களே, அதான் கிளம்பி உக்காந்திருக்கேன். யாராவது சொல்லுவாங்கன்னு." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "நீங்க யாரும்மா?"

"அந்தப் பட்டியல் போடற ஆபீஸ்ல இருந்து வர்றேன்."

அவருடைய வீங்கிய முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஒரு ஆள் வரலைன்னதும் வீட்டுக்கே ஆள் அனுப்புறாங்க. நல்ல நிர்வாகம்மா அது. நான் ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தரட்டுமா?"

"வேணாம் ஐயா."

"ஏம்மா? நல்லது பண்ணினா சொல்லணும்ல? உங்க பெரியவங்களுக்குப் படிச்சா சந்தோஷமா இருக்கும்."

லிஸ்ட்டக்கா குனிந்து அவருடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு எழுப்பி நிறுத்தினாள். படி படியாக இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவரால் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடினார். அந்த நிலையிலும் அவர் விடவில்லை.

"அவங்க பேரு… என்னம்மா… உங்க பெரியவரு…"

"பேசாதீங்க ஐயா," என்றாள் அவள். "மூச்சு விடுங்க. முதல்ல மூச்சு விடுங்க."

கீழே ஆட்டோக்காரர் ஒலி எழுப்பினார். இன்னும் இரண்டு மாடி இருந்தது.